சிரப் எடுக்கும் காட்டில் பறவைக்கும் இடம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெர்மான்ட் மாநிலத்தில் வீடு வாங்கினால் சில சமயம் பின்னால் பத்துப் பன்னிரண்டு ஏக்கர் காடும் சேர்ந்தே வந்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. மேட்டுச் சரிவு, நிறைய மேப்பிள், நடுவே ஒரு சின்ன ஓடை. முதல் குளிர்காலத்திலேயே பக்கத்து நிலத்துப் பெரியவர் பனியில் நடந்து வந்து, "இந்த வருடம் டேப் அடிக்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். மேப்பிளில் துளை போட்டுச் சாறு எடுப்பதைத்தான் டேப் அடிப்பது என்பார்கள். அவர் வாழ்நாளெல்லாம் அந்தச் சாற்றில் சிரப் காய்ச்சியவர். அவர் கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது.

அடுத்த இலையுதிர் காலத்தில் நான் செய்த முதல் காரியமே தப்பு. வாடகைக்குப் புதர்வெட்டி எடுத்து வந்து, மேப்பிள்களுக்கு அடியில் இருந்த புதர், இளங்கன்று, கோணல்மாணலாக வளர்ந்த செடி எல்லாவற்றையும் ஒரு சரிவு முழுக்க வழித்து எடுத்தேன். பார்க்கப் பூங்கா மாதிரி இருந்தது. பெரியவர் வந்து பார்த்தார். "நடக்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதம் இங்கே நின்று கேளுங்கள்" என்றார். ஜூனில் போய் நின்றேன். ஓடைக்கு அந்தப் பக்கம் கச்சேரி நடந்தது. நான் வழித்த பக்கம் உயரத்தில் ஒன்றிரண்டு குரல், அவ்வளவுதான்.

நம் கை சும்மா இருக்காது. வாசல் பெருக்கி, களை பறித்து, தென்னைக்கு அடியில் மட்டை விழுந்தால் உடனே இழுத்துப் போட்டுப் பழகிய கை. மேப்பிள் காட்டில் அந்தக் கையைக் கொஞ்சம் கட்டி வைக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் படிகளில் பாதி, எதைச் செய்யக் கூடாது என்பதுதான்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சர்க்கரை மேப்பிள் மரத்தில் குளிர்காலக் கடைசியில், இரவு உறைந்து பகல் உருகும் நாட்களில், துளை போட்டால் சாறு வடியும். பதநீர் அளவுக்கு இனிப்பெல்லாம் இல்லை. சுமார் 2 சதவீதம்தான் சர்க்கரை. அதனால் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப் கிடைக்கும். அபெனாக்கி போன்ற பூர்வகுடிகள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே செய்துவந்த வேலை இது. இன்று அமெரிக்க சிரப்பில் ஏறத்தாழ பாதி வெர்மான்டிலிருந்து வருகிறது. இப்படிச் சாறு எடுக்கும் காட்டை இங்கே 'சுகர்புஷ்' என்பார்கள். தமிழில் மேப்பிள் தோப்பு என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் தோப்பு என்று நினைத்துவிட்டால் தோப்பு போலவே பராமரிக்கத் தோன்றும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பறவைக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். 1970-லிருந்து வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடிப் பறவைகளை இழந்திருக்கிறது என்று 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. வெர்மான்ட், நியூயார்க், கியூபெக் காடுகளில் கூடு கட்டும் பல பறவைகள் வருடத்தில் பாதிக்கு மேல் வேறெங்கோ இருக்கின்றன. வுட் த்ரஷ் குளிர்காலத்தை மத்திய அமெரிக்காவில் கழிக்கும். ஸ்கார்லெட் டானேஜர் தென் அமெரிக்காவுக்கே போய்விடும். கருந்தொண்டை நீல வார்ப்ளர் கரீபியன் தீவுகளுக்குப் போகும். குஞ்சு பொரிக்க மட்டும் இங்கே வரும். அந்த இரண்டு மூன்று மாதம் நம் காடு எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

நமக்கும் ஆதாயம் உண்டு. குஞ்சுகளுக்குத் தாய்ப்பறவை கொண்டுபோவது பெரும்பாலும் இலை தின்னும் புழுக்களைத்தான். புழு குறைந்தால் மேப்பிள் இலை தப்பும்.

முதல் படி: வெட்டும் முன் எண்ணுங்கள்

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் ஒரு ஜூன் மாதத்தைக் காட்டில் கழியுங்கள். நோட்டுப் புத்தகம், பென்சில், கொசு விரட்டி போதும். உண்ணிக்குப் பயந்து காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை.

காட்டை மூன்று அடுக்காகப் பாருங்கள். தரையிலிருந்து ஆறடி வரை கீழடுக்கு. ஆறிலிருந்து முப்பது அடி வரை நடு அடுக்கு. அதற்கு மேலே மேலடுக்கு. சிரப் எடுப்பவர் கண்ணுக்கு மேலடுக்கு மட்டும்தான் தெரியும், சர்க்கரை செய்யும் இலைகள் அங்கே இருப்பதால். ஆனால் குடித்தனம் மூன்று மாடியிலும் நடக்கிறது. ஸ்கார்லெட் டானேஜர் மேல் மாடி. ஆண் பறவை ரத்தச் சிவப்பில் கறுப்பு இறக்கையோடு இருந்தாலும் இலைக்குள் கண்ணில் படுவதே அபூர்வம். வுட் த்ரஷ் பெரும்பாலும் நடு அடுக்கின் இளமரக் கவட்டையில் கூடு வைக்கும். கருந்தொண்டை நீல வார்ப்ளர் உங்கள் முழங்கால், இடுப்பு உயரத்தில், ஹாபிள்புஷ் போன்ற புதருக்குள் கட்டும். ஓவன்பேர்டுக்குத் தரையே போதும்.

ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு அடர்த்தி என்று குத்துமதிப்பாக எழுதுங்கள். ஒரு எளிய சோதனை: நண்பர் ஒருவரை முப்பது நாற்பது அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தலை முதல் கால் வரை முழுசாகத் தெரிந்தால் கீழடுக்கு காலி என்று அர்த்தம். புதர் நடுவே அங்கங்கே சட்டை நிறம் மட்டும் தெரிந்தால் நல்லது.

பறவைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பார்க்க முயன்றால் கழுத்து வலிதான் மிச்சம். காதால் எண்ணுவதே இங்கே வழக்கம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் தரும் மெர்லின் செயலி, குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், இலவசம். கண்ணை மூடி நம்ப வேண்டாம், ஆனால் கற்றுக்கொள்ள நல்ல துணை. ஓவன்பேர்டுக்குச் செயலியே தேவையில்லை. "டீச்சர் டீச்சர் டீச்சர்" என்று, பள்ளிக்கூடப் பையன் கையைத் தூக்கிக்கொண்டு கத்துவது போல, போகப் போகச் சத்தம் ஏறும்.

இரண்டாம் படி: நூற்றுக்கு இருபத்தைந்து

வெர்மான்டில் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும், மாநில வனத்துறையும், சிரப் உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்து 2014-இல் பறவைக்கு உகந்த மேப்பிள் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அதில் எனக்குப் பிடித்த விதி இது: காட்டில் குறைந்தது கால்வாசி, சர்க்கரை மேப்பிள் அல்லாத மரமாக இருக்க வேண்டும்.

உங்கள் காட்டில் எவ்வளவு என்று பார்க்க ஒரு சுருக்கு வழி. காட்டில் பத்து இடத்தைத் தோராயமாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் நின்று, உங்களுக்கு மிக அருகில் இருக்கும் பத்துப் பெரிய மரங்கள் என்னென்ன என்று எழுதுங்கள். மொத்தம் நூறு மரம். அதில் சர்க்கரை மேப்பிள் அல்லாதவை எத்தனையோ, அதுவே உங்கள் சதவீதம். வனவியலாளர்கள் தண்டின் குறுக்குப் பரப்பை வைத்துத் துல்லியமாகக் கணக்கிடுவார்கள்; நமக்கு ஆரம்பத்தில் இது போதும்.

ஏன் கலப்பு வேண்டும்? நியூ ஹாம்ப்ஷரில் ஹப்பர்ட் புரூக் என்ற ஆய்வுக் காடு இருக்கிறது. பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளைக் கவனித்துவருகிறார்கள். இரை தேடும் பறவைகள் எந்த மரத்தில் அதிக நேரம் செலவிடுகின்றன என்று பார்த்தபோது, மஞ்சள் பர்ச் மரத்தைத் தேடிப் போவதும், பீச், சர்க்கரை மேப்பிள் இரண்டையும் பல இனங்கள் ஒதுக்குவதும் தெரிந்தது. நாம் உயிராக மதிக்கும் மரம் அவற்றுக்கு அத்தனை நல்ல சாப்பாட்டுக் கடை இல்லை. ஊசியிலை மரமும் கொஞ்சம் இருக்கட்டும். பிளாக்பர்னியன் வார்ப்ளர், கருந்தொண்டைப் பச்சை வார்ப்ளர் இரண்டும் ஹெம்லாக் மரங்களை விடாது. ஓடைக்கரையில் நாலு ஹெம்லாக் நின்றால் அவற்றை நிழல் மரம் என்று திட்டி வெட்டாதீர்கள்.

மேப்பிளை மட்டும் வைத்திருப்பது நமக்கே ஆபத்து. ஃபாரஸ்ட் டென்ட் என்ற கம்பளிப்புழு சில வருடங்களுக்கு ஒருமுறை கூட்டமாகக் கிளம்பி, ஜூன் மாதத்தில் மேப்பிள்களை மொட்டையடித்துவிட்டுப் போகும். ஒரே இன மரமாக நிற்கும் காட்டில் அதற்கு விருந்து. அப்படிப்பட்ட வருடத்தில் கறுப்பலகுக் குயில் வந்து சேரும். மற்ற பறவைகள் தொடத் தயங்கும் ரோமப் புழுவை அது அள்ளி அள்ளித் தின்னும். பூச்சி மருந்து தெளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள்: டென்ட் புழுவைக் கொல்லும் பி.டி. (Bt) என்ற பாக்டீரியா மருந்து மற்ற வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களையும் கொல்லும். குஞ்சுகளுக்கு ஊட்டவேண்டிய சாப்பாடு அது.

கணக்கு இருபத்தைந்துக்குக் கீழே வந்தால் மரம் நட ஓட வேண்டாம். இனி வெட்டும்போது மேப்பிள் அல்லாத இளமரத்தைத் தவிர்த்து வெட்டுங்கள், போதும்.

மூன்றாம் படி: வெளிச்சத்தை இறக்குங்கள்

கீழடுக்கு காலியாக இருப்பதற்கு இரண்டு காரணம்: யாரோ வழித்திருப்பார்கள், அல்லது மேலே கூரை போல மூடி வெளிச்சமே இறங்காமல் இருக்கும். முதல் காரணத்துக்கு மருந்து பொறுமை. இரண்டாவதற்கு மருந்து கைவாள்.

இதில் நமக்கும் பறவைக்கும் ஒரே விருப்பம் என்பதுதான் அதிசயம். தலை அகலமாக விரிந்த மேப்பிள் அதிகச் சாறு தரும், இனிப்பும் கூடுதல். நெருக்கியடித்து நிற்கும் மரத்துக்குத் தலை சிறுத்துப்போகும். எனவே நல்ல மேப்பிள் ஒன்றைத் தேர்ந்து, அதன் தலையை இடித்துக்கொண்டு நிற்கும் நோஞ்சான் மரத்தை இரண்டு பக்கம் மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில் வெளிச்சம் தரைக்கு வரும். இரண்டு மூன்று வருடத்தில் கன்றும் புதரும் கிளம்பும். அங்கங்கே ஒரு சின்ன வீடு அளவுக்குத் திறப்பு விடலாம். ஒரேயடியாகத் திறந்துவிடாதீர்கள். வுட் த்ரஷ்ஷுக்கு நிழலும் ஈரமும் வேண்டும், அதோடு வெயில் அதிகம் விழுந்தால் முள்ளும் களையும்தான் முதலில் வரும்.

வெட்டிய மரத்தின் நுனிக்கிளைகளை இழுத்துக் குவித்து எரிக்கும் ஆசை வரும். எரிக்காதீர்கள். விழுந்த இடத்திலேயே சிக்கலாகக் கிடக்கட்டும். மான் அதற்குள் வாயை நுழைக்க முடியாது. உள்ளே முளைக்கும் மேப்பிள், பர்ச் கன்றுகள் தலைதூக்கும் வரை அதுவே வேலி. மான் அதிகமுள்ள ஊரில் வெளிச்சம் இறக்கினால் மட்டும் கன்று வராது, இந்த வேலியும் வேண்டும்.

ஒரு நடைமுறை யோசனை: இந்த மெலிப்பு வேலையை, மரத்துக்கு மரம் சாறு ஓட டியூப் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். டியூப் வலைக்கு நடுவே மரம் சாய்ப்பது சர்க்கஸ் வேலை. பெரிய மரமானால் பழகியவரை அழையுங்கள். சங்கிலி ரம்பத்தை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

நான்காம் படி: பட்டமரத்தின் மேல் கை வைக்காதீர்கள்

இதுதான் புதியவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம். காரணம் கொப்பரை. விறகு போட்டுக் காய்ச்சுபவருக்குச் சாறு ஓடும் நாட்களில் விறகு கரைவதைப் பார்த்தால் பகீரென்று இருக்கும். காட்டில் நின்றபடி காய்ந்த மரத்தைப் பார்த்தால் "இதோ உலர்ந்த விறகு, தானாகவே ரெடி" என்றுதான் கண் சொல்லும். நானும் இரண்டை வெட்டினேன். ஒன்றைப் பிளந்தபோது உள்ளே ஒரு கை நுழையும் அளவுக்கு அறை, அதன் அடியில் மரத்தூள் மெத்தை. எந்தப் பறவை எந்த வருடம் கொத்தி வைத்ததோ.

மரங்கொத்தி கொத்திய பொந்தில் அது ஒரு பருவம்தான் இருக்கும். பிறகு சிக்கடீ, நட்ஹாச், பறக்கும் அணில் என்று வாடகைக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும். பைலியேட்டட் மரங்கொத்தி கிட்டத்தட்ட காக்கை அளவு. அதற்குத் தடித்த மரம் வேண்டும். பார்டு ஆந்தைக்கும் அப்படித்தான். பிரவுன் க்ரீப்பர் என்ற சின்னப் பறவை பட்டமரத்தில் உரிந்து தொங்கும் பட்டைக்கும் தண்டுக்கும் நடுவே கூட்டைச் செருகும். பட்டை முழுசாக உதிர்ந்துவிட்டால் அதற்கு வீடில்லை. அதனால் பட்டமரத்திலும் வெவ்வேறு வயது வேண்டும்: நேற்றுச் செத்தது, பத்து வருடத்துக்கு முன் செத்தது, பாதி மக்கியது.

ஏக்கருக்கு ஐந்தாறு பட்டமரம் நின்றால் நல்ல காடு. அதில் ஒன்றாவது பதினெட்டு அங்குலத்துக்கு மேல் தடிமனாக இருக்கட்டும். மரகதப் பச்சை வண்டு ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டே வருவதால் பட்டமரத்துக்குப் பல ஊர்களில் இப்போது பஞ்சமில்லை. ஆனால் செத்த ஆஷ் சட்டென்று முறியும். நடைபாதைக்கும் டியூப்புக்கும் பக்கத்தில் இருந்தால் சாய்த்துவிடுங்கள், சாய்த்த இடத்திலேயே விடுங்கள். மற்ற மரம் என்றால் பத்துப் பதினைந்து அடி உயரத்தில் வெட்டி நெட்டைக் கட்டையாக நிறுத்தலாம். அதிலும் பொந்து போடும்.

விழுந்த கட்டைக்கு இன்னொரு வேலை இருக்கிறது. காட்டில் நடக்கும்போது சில மஞ்சள் பர்ச் மரங்கள் வேர்க்கால் ஊன்றி, தரைக்கு மேலே எழும்பி நிற்பதைப் பார்ப்பீர்கள். எங்கள் ஓடைக்கரையில் ஒன்று நிற்கிறது. அடியில் குழந்தை தவழ்ந்து போகலாம். அந்த விதை விழுந்து முளைத்தது ஒரு மக்கிய கட்டையின் மேல். வேர் கட்டையைச் சுற்றி மண்ணுக்கு இறங்கியது. பிறகு கட்டை மக்கிக் காணாமல் போய்விட்டது, மரம் மட்டும் நிற்கிறது. பர்ச் விதை பொடி. தடித்த சருகுக்குள் அதற்கு வேர் பிடிக்காது. பாசி படிந்த கட்டைதான் அதன் நாற்றங்கால். இரண்டாம் படியில் கேட்ட இருபத்தைந்து சதவீதம் எங்கிருந்து வரும் என்றால், இங்கிருந்து.

விறகுக்கு என்ன செய்வது? மூன்றாம் படியில் வெட்டிய மெலிப்பு மரம், ஒரு வருடத்துக்கு மேல் பிளந்து காயவைத்தால் போதும். பக்கத்து மர அறுவை ஆலையில் ஓரப்பலகையும் மலிவாகக் கிடைக்கும்.

ஐந்தாம் படி: துளையும் டியூபும்

துளை விஷயத்தில் கஞ்சனாக இருங்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் மரத்தின் குறுக்களவு 12 அங்குலம் இருந்தால் ஒரு டேப். 18 தாண்டினால் இரண்டு. எவ்வளவு பெரிய மரமானாலும் அதற்கு மேல் வேண்டாம். குறுக்களவை அளக்கக் கருவி தேவையில்லை. தையல்காரர் அளவு நாடாவால் சுற்றளவு எடுங்கள். 38 அங்குலம் சுற்றினால் 12 அங்குல மரம், 57 சுற்றினால் 18. துளை விட்டம் 5/16 அங்குலம், ஆழம் ஒன்றரை அங்குலம். ஒவ்வொரு வருடமும் பழைய துளையிலிருந்து தள்ளிப் போடுங்கள், ஏனென்றால் துளைக்கு மேலும் கீழும் உள்ளே மரம் கறைபட்டு இறந்திருக்கும், அந்த இடத்தில் சாறு வராது. பருவம் முடிந்ததும், துளையில் செருகிய ஸ்பவுட் என்ற சின்னக் குழாயைப் பிடுங்கிவிடுங்கள். மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும்.

வாளி என்றால் காட்டுக்கு அத்தனை தொந்தரவில்லை. டியூப் கட்டும்போதுதான் கை நீளும். கோடு தொய்யாமல் இறக்கமாக ஓட வேண்டும், ஓட்டை பார்க்க நடக்க வேண்டும், அதற்காக இரண்டு பக்கமும் வெட்டவெளியாக்கிவிடுவார்கள். தேவையே இல்லை. உங்கள் தோள் அகலத்துக்கு ஒரு ஒற்றையடிப் பாதை போதும். கோட்டில் நேரடியாக உரசும் கிளையை மட்டும் நறுக்குங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கும் புதர் உங்கள் வேலைக்குக் குறுக்கே வரவே வராது. இலையில்லாத மார்ச் மாதத்தில், பனிக்கு மேலே நடக்கும்போது அது கண்ணிலும் படாது. பெரிய குழாயைப் பழைய வண்டிப்பாதை ஓரமாகக் கொண்டுபோனால் இன்னும் குறைவாக வெட்டலாம். பழைய டியூப், அறுந்த கம்பி எதையும் காட்டில் விடாதீர்கள். இது ஒன்றுதான் நான் சம்மதிக்கும் சுத்தம்.

மேப்பிள் தண்டில் வரிசை வரிசையாக, ஸ்கேல் வைத்துப் போட்டது போல் சின்னச் சின்னத் துளை தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது மஞ்சள் வயிற்று சாப்சக்கர் என்ற மரங்கொத்தியின் வேலை. நமக்கு முன்பே டேப் அடிக்கத் தெரிந்தவர். ஏப்ரலில் வந்து துளை போட்டுச் சாறு குடிக்கும். பூ அதிகம் இல்லாத நேரத்தில் வந்து சேரும் செங்கழுத்து ஹம்மிங்பேர்டும் அந்தத் துளைகளில் வந்து நக்கிவிட்டுப் போகும்.

ஆறாம் படி: காலண்டரை மாட்டுங்கள்

நல்லவேளையாக நம் பருவமும் பறவையின் பருவமும் மோதுவதில்லை. பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சாறு. மொட்டு விரிய ஆரம்பித்தால் சிரப்பில் ஒரு கெட்ட வாடை வரும், கடையை மூட வேண்டியதுதான். கருவிகளைக் கழுவிக் கவிழ்க்கும் நேரத்துக்குச் சரியாக வார்ப்ளர்கள் வந்து இறங்கும். மே தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை காட்டில் வெட்டு, வழிப்பு, இயந்திரம் எதுவும் கூடாது. நாட்டுப் பறவைகளின் கூட்டைக் கலைப்பது அமெரிக்காவில் 1918-ஆம் வருட வலசைப் பறவைச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம். கனடாவில் 1917-லிருந்து அதற்கு இணையான சட்டம் இருக்கிறது. பழுது பார்ப்பதையெல்லாம் செப்டம்பரில் வையுங்கள். மரம் வெட்டுவது நவம்பருக்குப் பிறகு, தரை இறுகியதும். டிராக்டர் சக்கரம் வேரை நசுக்காது.

அணில் கடித்த டியூபைப் பார்த்து ஒரு ஜூனில் பொறுக்க முடியாமல் உள்ளே போனேன். காலடியில் ஏதோ எலி மாதிரி ஓடியது. ஓடி, நின்று, ஒரு பக்க இறக்கையைத் தொங்கப் போட்டுத் தவழ்ந்தது. எலி இல்லை, ஓவன்பேர்ட். அடிபட்டது போல நடித்து நம்மைத் தூர இழுத்துப் போகும் வித்தை அது. நான் நகராமல் தரையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து, சருகுக்கும் சருகுக்கும் நடுவே ஒரு இருட்டு மட்டும் வாய் மாதிரி திறந்திருப்பது தெரிந்தது. மேலே கூரை, பக்கத்தில் வாசல். அந்தக் காலத்து ரொட்டி அடுப்பு போல. அதனால்தான் அந்தப் பெயர். உள்ளே பழுப்புப் புள்ளி போட்ட நாலு வெள்ளை முட்டை. என் ஷூ ஒரு ஜாண் தள்ளி இருந்தது. அன்றைக்கு அந்த டியூபை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுப் பூனையை இந்த மாதங்களில் உள்ளேயே வையுங்கள். தரைக் கூடுகளுக்கு அது பெரிய எதிரி.

ஏழாம் படி: எந்தப் புதர் நல்லது?

புதரை வெட்டாதே என்று இவ்வளவு சொல்லிவிட்டு இப்போது மாற்றிச் சொல்கிறேன். பக்தார்ன், வெளிநாட்டு ஹனிசக்கிள், பார்பெர்ரி மூன்றும் வந்தேறிகள். வசந்தத்தில் எல்லாவற்றுக்கும் முன்பே தளிர்த்து, இலையுதிர் காலத்தில் மற்றவை உதிர்ந்த பிறகும் இலையோடு நிற்கும். அக்டோபர் கடைசியில் காட்டைச் சுற்றி வந்தால் அடையாளம் காண்பது சுலபம். அவற்றை விட்டால் மேப்பிள் கன்றே வராது. சின்னச் செடியை ஈரமண்ணில் வேரோடு பிடுங்குங்கள். பெரிதை வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து இரண்டு மடங்காகத் துளிர்க்கும். திரும்பத் திரும்ப வெட்ட வேண்டியிருக்கும். வெளிச்சத்தை இறக்குவதற்கு முன்பே இந்த வேலையை முடியுங்கள். வரிசை மாறினால் நீங்கள் திறந்த இடத்தில் பக்தார்ன்தான் குடியேறும்.

பீச் நோய் வந்த காட்டில் பீச் கன்றுகள் வேரிலிருந்து கிளம்பி அடர்ந்த வேலியாக நிற்கும். அது உள்ளூர் மரம்தான், ஆனாலும் கொஞ்சம் கலைத்துவிட வேண்டும். முழுக்க எடுக்க வேண்டாம். பீச் கொட்டைக்குக் கரடி முதல் வான்கோழி வரை ஆளிருக்கிறது.

எட்டாம் படி: காகித வேலை

வெர்மான்டில் கவுன்டி ஃபாரஸ்டர் என்று அரசு வனவியலாளர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வந்து காட்டைச் சுற்றிப் பார்த்து யோசனை சொல்வார்கள், கட்டணம் இல்லை. பறவைகளும் முக்கியம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்; சொன்னால்தான் திட்டத்தில் எழுதுவார்கள். 25 ஏக்கர் காடு இருந்தால், பராமரிப்புத் திட்டத்தோடு 'கரன்ட் யூஸ்' வரிச்சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்டாரியோவில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிது: 4 ஹெக்டேர் காடு, பத்து வருடத் திட்டம் இரண்டும் இருந்தால், அந்தக் காட்டுப் பகுதிக்கு வீட்டுவரி விகிதத்தில் கால் பங்குதான் கட்ட வேண்டும்.

விற்பனைக்கு சிரப் காய்ச்சுபவரானால் ஆடுபான் திட்டத்தில் சேரலாம். வந்து காட்டைப் பார்த்து, கலப்பு, அடுக்கு, பட்டமரம் எல்லாம் கணக்கெடுத்து, சரியாக இருந்தால் போத்தலில் ஒட்ட முத்திரை தருவார்கள். வெர்மான்டில் தொடங்கியது இப்போது நியூயார்க், கனெக்டிகட் போன்ற மாநிலங்களுக்கும் போயிருக்கிறது. சின்ன அளவில் வீட்டுக்கு மட்டும் காய்ச்சுபவருக்கு முத்திரை தேவையில்லை. ஆனால் அந்தக் கணக்கெடுப்புத் தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நல்ல வாத்தியார்.

அப்புறம் கேட்டுக்கொண்டே இருங்கள்

ஒரே இடத்தில், ஜூன் முதல் வாரத்தில், விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பத்து நிமிடம் நில்லுங்கள். கேட்ட குரல்களை எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் அதே இடம், அதே நேரம். ஈபேர்ட் தளத்தில் பதிந்துவைத்தால் நோட்டுப் புத்தகம் தொலைந்தாலும் கணக்கு தொலையாது.

நான் வழித்த சரிவில் முதல் வருடம் எழுதியது இரண்டு பெயர். இரண்டாம் வருடமும் கிட்டத்தட்ட அப்படியே. மூன்றாம் வருடம் கன்றுகள் முழங்கால் வந்தன, ராஸ்பெரி முள் காலைக் கிழித்தது, ஓவன்பேர்ட் வந்தது. போன ஜூனில் இடுப்பளவு புதருக்குள்ளிருந்து சோம்பலாக, இழுத்து இழுத்து, கடைசி ஸ்வரத்தை மட்டும் மேலே தூக்கிப் பாடும் ஒரு குரல் கேட்டது. கருந்தொண்டை நீல வார்ப்ளர். கூடு எங்கே என்று தேடிப் போகவில்லை. ஜூன் மாதமாயிற்றே.